அளக்காமல் எழுதிய வேகம்

போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஒரு பெண் எஸ்.ஐ. வந்திருந்தாள். நான் ரிட்டயர் ஆகும்போது அவள் கான்ஸ்டபிள். பரீட்சை எழுதி மேலே வந்துவிட்டாள். வந்தவள் செல்போனைத் திறந்து காட்டினாள். இப்போதெல்லாம் விபத்து நடந்த இடத்தில் நின்றபடியே போனில் கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டுமாம். சைக்கிளில் ரிஃப்ளெக்டர் இருந்ததா? ஆம், இல்லை. இரண்டில் ஒன்றைத் தொட்டால்தான் அடுத்த பக்கம் திறக்கும்.

"இருந்துச்சு, ஆனா தெரியலைன்னா எதைத் தொடுவ?" என்று கேட்டேன்.

"அதெப்படிக்கா இருந்தும் தெரியாமப் போகும்?" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்குக் கொடுத்த காப்பி ஆடை கட்டுகிற வரைக்கும் ஒரு கேஸைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். "இதை எழுதிக் குடுங்கக்கா, எங்க குரூப்ல எல்லாரும் படிக்கட்டும்" என்றாள். எழுதுவதுதானே என் பிழைப்பாக இருந்தது, எழுதிவிட்டேன்.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் போலீஸில் இருந்தவள். அதில் பாதிக்கு மேல் ஸ்டேஷன் ரைட்டர். ரைட்டர் என்றதும் கதை எழுதுகிறவள் என்று நினைத்துவிடாதீர்கள். புகார் வாங்குவது, எஃப்.ஐ.ஆர். போடுவது, சம்பவ இடத்தில் பார்த்ததை மகஜராக எழுதுவது, கேஸ் கட்டைச் சேர்த்துத் தைத்துக் கோர்ட்டுக்கு அனுப்புவது எல்லாம் ரைட்டர் வேலை. ராஜபாளையம் பக்கத்து ஸ்டேஷன்களில் என் பெயரே பலருக்குத் தெரியாது. ரைட்டரம்மா என்றால்தான் தெரியும்.

டிரெயினிங்கில் ஓடக் கற்றுக் கொடுத்தார்கள், சல்யூட் அடிக்கக் கற்றுக் கொடுத்தார்கள். எழுத்து வேலையை ஒரு வயதான ஏட்டையா எனக்கு ஒரே வாரத்தில் சொல்லிக் கொடுத்துவிட்டார். "பழைய கேஸ் கட்டை எடு. பேரை மாத்து, தேதியை மாத்து, வண்டி நம்பரை மாத்து. மிச்சத்துல கை வைக்காத தாயி." அந்த மிச்சத்தில் ஒரு வரி இருந்தது. மேற்படி வாகனத்தை அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து மோதி. எந்த விபத்தாக இருந்தாலும் இதே வரிதான். நான் எழுதிய வேகத்துக்குக் கணக்கே இல்லை. ஒருமுறை, நின்றுகொண்டிருந்த லாரியில் ஒருவன் பைக்கைக் கொண்டுபோய் இடித்த கேஸில், அந்த லாரி அதிவேகமாக வந்ததாக எழுதிவிட்டேன். ஸ்டேஷனே இரண்டு நாள் என்னைக் கேலி செய்தது. அதற்குப் பிறகும் நான் அந்த வரியை விடவில்லை.

சொல்ல வந்த கேஸ், சோழபுரத்துக்காரர் கருப்பசாமியுடையது. ஐம்பத்தைந்து வயது இருக்கும். கொஞ்சம் நிலம், ஒரு மாடு. சாயந்தரம் தோட்டத்து வேலை முடிந்து, இருட்டிய பிறகு சைக்கிளில் மெயின் ரோடு வழியாக வீட்டுக்குத் திரும்பியவரைப் பின்னால் வந்த லோடு வேன் இடித்துவிட்டது.

அன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர். ஸ்டேஷனில் இருந்த ஆட்களில் முக்கால்வாசிப் பேர் பந்தோபஸ்துக்குப் போய்விட்டார்கள். இரவு எட்டு மணிக்குப் போன் வந்தபோது நானும் ஒரு கான்ஸ்டபிளும்தான் இருந்தோம். நாங்கள் போய்ச் சேர்வதற்குள், இடித்த வேனிலேயே அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். வழியிலேயே உயிர் போய்விட்டது.

சம்பவ இடத்தில் சைக்கிள் மட்டும் கிடந்தது. பின்சக்கரம் மடங்கியிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். பின் மட்கார்டில் இருந்த சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒரு கீறல்கூட விழாமல் பளிச்சென்று மின்னியது. ரோட்டில் கொஞ்சம் புல் கிடந்தது. தோட்டங்காட்டு ரோட்டில் புல் கிடக்காதா என்று விட்டுவிட்டேன். டயர் தேய்ந்த தடம் இருந்தது, அதையும் அளக்கவில்லை. ஸ்டேஷனுக்கு வந்து மகஜரில் எழுதினேன்: சைக்கிளின் பின்புறம் சிவப்பு ரிஃப்ளெக்டர் நல்ல நிலையில் இருந்தது. கருப்பசாமியின் மகள் முத்துலட்சுமியிடம் புகார் வாங்கினேன். மில்லுக்கு வேலைக்குப் போகிற பெண், இருபது வயது இருக்கலாம். விபத்தை அவள் கண்ணால் பார்க்கவில்லை. அதனால் என்ன, அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் என்று நானே எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டேன். அழுதுகொண்டே போட்டாள்.

வேன் டிரைவர் பெயர் பாண்டி. வ. புதுப்பட்டிக்காரன், முப்பது வயது. ஓடிப் போகாமல் ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்திருந்தான். சட்டை முழுக்க ரத்தம்.

"அம்மா, செவப்பா ஒண்ணுமே மின்னலம்மா. கருப்பா என்னமோ முன்னால வந்துச்சு, பிரேக்க அழுத்துனேன், அம்புட்டுத்தான்" என்றான்.

"ஏலே, நான் பாத்துட்டு வாரேன். ரிஃப்ளெக்டர் பூனைக்கண்ணு மாதிரி மின்னுது. பொய் சொன்னா தோலை உரிச்சிருவேன்" என்று கத்தினேன். சைக்கிளில் வெளிச்சம் இல்லை என்பது எல்லா டிரைவரும் பாடுகிற பாட்டு. அதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்திருந்தது.

அப்போது எங்களுக்குப் புதிதாக ஒரு இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர். ஒல்லியான ஆள், குரல் உயராது. கைதியைக்கூட வாங்க, உட்காருங்க என்பார். இந்த ஆள் தேறாத கேஸ் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். பேன்ட் பாக்கெட்டில் எப்போதும் ஒரு சாக்பீஸும் தையல்காரர் வைத்திருப்பது போன்ற டேப்பும் இருக்கும். டேப்பை எதற்கு வைத்திருக்கிறார், ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கவா என்று நான்தான் கிண்டல் செய்தேன்.

தேர் முடிந்து மறுநாள் காலையில் கேஸ் கட்டை வாங்கிப் படித்தார். இரண்டு முறை படித்தார்.

"ரைட்டர், இந்த அதிவேகமாகவும்ங்கிற வரியை எத்தனை கேஸ்ல எழுதியிருக்கீங்க?"

"எல்லா கேஸ்லயும்தான் சார்."

"அப்போ இந்தக் கேஸைப் பத்தி அந்த வரி ஒண்ணுமே சொல்லலையே" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் எழுதியதை நேற்று வந்த பையன் கேட்கிறான் என்று மனசுக்குள் திட்டினேன். அவர் கோபப்படவில்லை, ஜீப்பில் ஏறச் சொன்னார். ரோட்டில் டயர் தடம் மங்கலாக மிச்சமிருந்தது. முட்டி போட்டு உட்கார்ந்து, தடம் எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே அழுத்தமாகிறது, எங்கே முடிகிறது என்று மூன்று இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டார். டேப்பின் ஒரு முனையை என்னைப் பிடிக்கச் சொன்னார். பாண்டி பிரேக்கை அழுத்தியதும் நிற்காமல் வண்டி எம்புட்டுத் தூரம் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது என்று பார்க்க அந்த டேப்பைத் திரும்பத் திரும்ப நீட்ட வேண்டியிருந்தது. வண்டியைச் சோதித்த ஆர்.டி.ஓ. ஆபீஸ் பிரேக் இன்ஸ்பெக்டர் பிரேக்கில் குறை இல்லை என்று எழுதிக் கொடுத்தார். பிரேக் நன்றாக இருந்தும் அத்தனை தூரம் இழுத்திருக்கிறது என்றால் வேகம்தான்.

"பாத்தீங்களா சார், நான் எழுதுனது சரியாப் போச்சு" என்றேன்.

"சரியாத்தான் போச்சு. ஆனா நீங்க அளந்து எழுதல, குருட்டாம்போக்குல சரியாப் போச்சு" என்றார்.

அதோடு விடவில்லை. அன்று இருட்டியதும் அதே மாதிரி வேன் ஒன்றை ஏற்பாடு செய்து, அதே இடத்துக்குக் கூட்டிப் போனார். ரோட்டோரம் பத்துப் பத்து அடிக்கு ஒரு கோடு. ரிஃப்ளெக்டர் வைத்த ஒரு சைக்கிளை நிறுத்தினார். வேனை அவரே ஓட்டினார். பக்கத்தில் நான். "தெரியுதுன்னதும் சொல்லுங்க. தெரியும்னு நெனைக்கிறப்போ சொல்லாதீங்க" என்றார். சிவப்பு வெகு தூரத்திலேயே தெரிந்துவிட்டது. மூன்று முறை ஓட்டினோம், மூன்று முறையும் அப்படித்தான்.

வண்டியை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். "இவ்வளவு தூரத்துலயே தெரியுது. பாண்டி தெரியலைங்கிறாரு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடின ஆளு, இதுல மட்டும் பொய் சொல்வாரா? நாம எதையோ பாக்கல. கருப்பசாமி எங்கருந்து என்ன கொண்டு வந்தாருன்னு வீட்ல கேட்டுட்டு வாங்க."

மறுநாள் சோழபுரம் போனேன். முத்துலட்சுமி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா சுருண்டு படுத்திருந்தாள். நான் ஏதேதோ கேட்டுவிட்டு, "அப்பா அன்னைக்குக் கையில எதுவும் கொண்டாந்தாரா?" என்றேன்.

"புல்லுக்கட்டுத்தாம்மா. தெனமும் கேரியர்ல வச்சுக் கட்டித்தான் கொண்டாருவாக. அன்னைக்கு ராத்திரி கையெழுத்துப் போட்டுட்டுத் திரும்பையில பாத்தா, கட்டு ஓரமா ஓடைக்குள்ள கெடந்துச்சு. மாடு காலையிலருந்து பட்டினி. நாந்தான் தலையில தூக்கிட்டு வந்தேன்."

நீங்கள் எங்கள் பக்கத்து ரோட்டில் பார்த்திருப்பீர்கள். கேரியரில் புல்லைக் குறுக்கே வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவார்கள். இரண்டு பக்கமும் பின்னாலும் தொங்கும். மட்கார்டு தெரியாது, ரிஃப்ளெக்டர் எங்கே தெரியும்? நான் அந்த இடத்தில் சிந்திக் கிடந்த புல்லை மிதித்துக்கொண்டு நின்றுதான் ரிஃப்ளெக்டர் நல்ல நிலையில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறேன்.

இதை உடனே போய் இன்ஸ்பெக்டரிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. "தோட்டத்து வேலை முடிஞ்சு சும்மாதான் சார் வந்திருக்காரு" என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போது கேட்டால் இதுதான் பதில்: தகப்பனைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிற பெண், செத்தவர் மேலேயே தப்பு என்று கோர்ட்டில் ஒரு வக்கீல் சொல்லுவதை அவள் ஏன் கேட்க வேண்டும்? டிரைவர் வேகமாக வந்தது நிஜம்தானே, அது போதாதா? என் மகஜர் தப்பு என்று வெளியே தெரியக் கூடாது என்பதும் உள்ளுக்குள் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

பாண்டிக்குக் கண்டிஷன் பெயில். தினமும் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். வ. புதுப்பட்டியிலிருந்து பஸ் மாறி வருவான். நான் அவனை வேண்டுமென்றே அரை மணி நேரம் நிற்க வைத்துவிட்டுத்தான் நோட்டைக் கொடுப்பேன். முணுமுணுக்காமல் நிற்பான். நான் சோழபுரம் போய் வந்த மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டவன் போகாமல் நின்றான்.

"என்னலே?"

"அம்மா, ராத்திரியெல்லாம் யோசிச்சுப் பாத்தேன். ரிஃப்ளெக்டர் மின்னத்தான் செஞ்சிருக்கும். நீங்க கண்ணால பாத்திருக்கீக. எங்கண்ணுதான் அதைப் பாக்காமப் போயிருக்கு. அப்படின்னா நான் இனிமே வண்டியே ஓட்டக் கூடாதும்மா. வேன மொதலாளிகிட்ட ஒப்படைச்சிரலாம்னு இருக்கேன்."

ஒருவன் தன் கண்ணையே நம்பாமல் நிற்கிறான், நான் எழுதிய ஒரு வரியை நம்பிக்கொண்டு. பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அவனை உட்காரச் சொன்னேன். அவன் உட்காரவில்லை, பயந்துவிட்டான். நேராக இன்ஸ்பெக்டர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். சஸ்பெண்ட் செய்வார், மெமோ கொடுப்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"மூணு நாளா உங்களுக்குத் தூக்கம் இருந்துச்சா?"

"இல்ல சார்."

"சரி. சாயங்காலம் ஒரு புல்லுக்கட்டு வாங்கிட்டு வரச் சொல்லுங்க."

மறுபடியும் அதே ரோடு, அதே இருட்டு. இந்த முறை சைக்கிள் கேரியரில் கட்டு. நிதானமாக ஓட்டி வந்தார். வெகு நேரம் ஒன்றும் தெரியவில்லை. சைக்கிளைக் கிட்டத்தட்ட நெருங்கிய பிறகுதான் சாம்பல் நிறத்தில் என்னமோ அசைந்தது மாதிரி இருந்தது. "தெரியுது!" என்று கத்தினேன். பிரேக் அடித்தார். சைக்கிளைத் தொடுவதற்கு முன்பே வேன் நின்றுவிட்டது. இறங்கி அளந்தோம், பத்தடி இடைவெளி.

அடுத்த ஓட்டத்துக்குச் சைக்கிளை எடுத்துவிட்டு, அட்டைப் பெட்டிகளை அடுக்கி மேலே புல்லுக்கட்டை வைக்கச் சொன்னார். டயர் தடம் சொன்ன வேகத்தில் வந்தார். நான் அதே இடத்தில்தான் கத்தினேன். அவரும் பிரேக் அடித்தார். பெட்டி நொறுங்கிப் புல் கண்ணாடி மேல் வந்து விழுந்தது. வண்டி அதையும் தாண்டிப் போய் நின்றது. ஐயோ, அந்த மனுசன் இப்படித்தானே போயிருப்பார் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். இன்ஸ்பெக்டர் கண்ணாடியில் கிடந்த புல்லை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார்.

"ரெண்டும் நெசம். கட்டு மறைச்சதும் நெசம், மெதுவா வந்திருந்தா நின்னிருக்கலாங்கிறதும் நெசம். ரெண்டையும் எழுதுங்க" என்றார்.

என் மகஜரில் இருந்த தப்பை நானே தனி அறிக்கையாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முத்துலட்சுமியிடம் மறுபடியும் வாக்குமூலம் வாங்க வேண்டியிருந்தது. புல்லுக்கட்டைப் பற்றி ஏன் கேட்கிறோம் என்று இன்ஸ்பெக்டர் அவளுக்கு மறைக்காமல் சொன்னார். அந்தப் பெண் அசையாமல் கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அன்னைக்குக் காலையில, கட்டு பத்தல, இன்னுங்கொஞ்சம் பெருசாக் கொண்டாங்கப்பான்னு சண்டை போட்டது நாந்தாம்மா. மாடு கன்னு போட்டிருந்துச்சு. அப்போ எங்கப்பாவைக் கொன்னது நானா?"

இல்லடா தங்கம், இல்லடா என்று கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் அந்தப் பெண்ணை எங்கே பார்த்தாலும் அதே முகம்தான். மில் பஸ்ஸில் பார்த்தாலும் சரி, சந்தையில் பார்த்தாலும் சரி. அவள் அம்மா ஒருநாள் ஸ்டேஷனுக்கே வந்து, "ராத்திரி எந்திரிச்சு ஒக்காந்துக்கிடுதா, கேட்டா ஒண்ணுஞ் சொல்ல மாட்டேங்கா" என்று அழுதுவிட்டுப் போனாள். கேஸ் எப்படி முடிந்தாலும் இந்தப் பெண் தேற வேண்டும் என்பதுதான் எனக்குப் பெரிய கவலையாக இருந்தது.

கோர்ட்டில் அவள் சாட்சி சொன்ன நாளில் நான் போயிருந்தேன். பாண்டியின் வக்கீல் கேட்டார், புல்லுக்கட்டு ரிஃப்ளெக்டரை மறைத்திருந்ததா என்று. தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லித் தப்பித்திருக்கலாம். "மறைச்சுத்தான்யா இருந்திருக்கும். பெருசாக் கட்டச் சொன்னது நான்" என்றாள். கேட்காததையும் சேர்த்துச் சொன்னாள். வக்கீல் சந்தோஷமாக உட்கார்ந்துவிட்டார். பாண்டி கூண்டில் தலை குனிந்து நின்றான்.

சாட்சிகள் எல்லோரும் முடிந்த பிறகு ஒரு நடைமுறை உண்டு. ஒவ்வொரு சாட்சியும் சொன்னதை மாஜிஸ்திரேட் சுருக்கமாகச் சொல்லி, இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று எதிரியிடம், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரிடம், கேட்பார். பொய் என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லும்படி வக்கீல்கள் சொல்லிக் கொடுத்துத்தான் அனுப்புவார்கள். நான் எழுதிய வரி எல்லா எஃப்.ஐ.ஆரிலும் இருப்பது போல, இந்தப் பொய் எல்லா எதிரி வாயிலும் இருக்கும். கொலை கேஸாக இருந்தாலும் சரி, கோழி திருட்டாக இருந்தாலும் சரி.

அன்று முத்துலட்சுமியும் மில்லுக்கு லீவு போட்டுவிட்டு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வரச் சொல்லி யாரும் சொல்லவில்லை. மாஜிஸ்திரேட் ஒவ்வொன்றாகக் கேட்டார். ஆஸ்பத்திரி சாட்சி. பொய். மகஜர் சாட்சி. பொய். வக்கீல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அடுத்தது முத்துலட்சுமி சொன்ன சாட்சி. பாண்டி பதில் சொல்லவில்லை. மாஜிஸ்திரேட் இரண்டாம் முறை கேட்டார்.

"அந்தப் பிள்ளை சொன்னது நெசந்தாங்கய்யா" என்றான்.

கோர்ட்டில் ஒருவரும் இதை எதிர்பார்க்கவில்லை. அடுத்து இன்ஸ்பெக்டர் சாட்சி. அளந்து பார்த்ததில் வேன் மிக வேகமாக வந்திருக்கிறது என்றும், மெதுவாக வந்திருந்தால் நிறுத்தியிருக்க முடியும் என்றும் சொல்கிறாரே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்? வக்கீல் எழுந்து பாண்டி பக்கம் கையைக் காட்டினார், பொய் என்று சொல்லு என்கிற மாதிரி.

"அதுவும் நெசம்யா. அவசரம்னு ஒண்ணுமில்ல. வண்டி காலியா இருந்துச்சு, ரோடு நல்லாருந்துச்சு, அழுத்திட்டேன்."

வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். தீர்ப்பு வேறொரு நாள் வந்தது. அவன் ஒத்துக்கொண்டதையும் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியதையும் புல்லுக்கட்டையும் எழுதி, மாஜிஸ்திரேட் தண்டனையைக் குறைத்துத்தான் கொடுத்தார்.

ஆனால் எனக்கு அந்தக் கேஸ் முடிந்தது, அவன் நிஜம் என்று சொன்ன அன்றைக்குத்தான். எல்லோரும் வெளியே வந்தோம். வராந்தாவில் முத்துலட்சுமி நேராகப் பாண்டியிடம் போனாள். சண்டைக்குப் போகிறாளோ என்று பயந்து நான் பின்னாலேயே ஓடினேன்.

"அண்ணே, பெருசாக் கட்டிட்டு வரச் சொன்னது நாந்தாண்ணே" என்றாள். அவனிடமும் அதையேதான் சொன்னாள்.

பாண்டி அவள் முகத்தைப் பார்த்தான். ஒன்றரை வருஷமாக அவன் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்த்து நான் பார்த்ததில்லை.

"பெருசாக் கட்டலாம் தாயி. எம்புட்டுப் பெருசாவேணும்னாலும் கட்டலாம். நான் மெதுவா வந்திருந்தேன்னா, ஓய் ஓரமாப் போவும்னு உங்கப்பாவ ஒரு சத்தம் போட்டுட்டுப் போயிருப்பேன். அவரும் என்னைய வைஞ்சுக்கிட்டே வீடு வந்து மாட்டுக்குப் போட்டிருப்பாரு."

அவள் அப்போதுதான் அழுதாள். அவள் அப்பா செத்த அன்றைக்கு அழுத அழுகை வேறு. இது அடிவயிற்றிலிருந்து வந்தது. தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள், பாண்டி இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு எதிரே நின்றான். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். நான் யூனிஃபார்மில் இருந்தேன், நானும் அழுதேன்.